சளிப் பரிசோதனையும் சங்கத்தின் கடமையும்

மாதிரி என்னும் சொல் நம் அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. நூல் சிப்பம் வந்து இறங்கியதும் அதிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்து, நம்பர் சரிதானா, முறுக்கு நிற்குமா என்று பார்த்த பின்னரே நெசவாளர்களுக்குப் பங்கிடுகிறோம். சாயமேற்றிய நூலில் ஒரு துணுக்கை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சாயம் கழலுகிறதா என்று சோதிக்கிறோம். பருத்தி மூட்டையின் நடுவில் கையை விட்டு எடுத்த ஒரு பிடியைக் கொண்டு மூட்டை முழுவதற்கும் தரம் சொல்லுகிறோம். நிலத்து மண்ணைச் சோதனைக்கு அனுப்பும் விவசாய அன்பர்களோ, வரப்போரத்து மண்ணும், மரத்தடி மண்ணும், எருக்குவியல் கிடந்த இடத்து மண்ணும் உதவா என்பதை நன்கு அறிவர். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழத்திற்கு வெட்டி, மண்ணெடுத்துக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளை நீக்கி, மீண்டும் கலந்து, கடைசியில் அரைக் கிலோ மண்ணைப் பையில் இட்டு அனுப்புகிறார்கள். இத்தனை சிரமம் எதற்காக? மாதிரி பிழையானால் முடிவும் பிழையாகும். பிழையான முடிவை நம்பி உரமிட்டவன் ஒரு போகத்தையே இழக்க நேரிடும்.

இவ்வளவு கவனத்துடன் நூலையும் பஞ்சையும் மண்ணையும் சோதிக்கும் நாம், இன்னொரு மாதிரியைக் குறித்து மட்டும் பேசவே கூசுகிறோம். அதுவே சளி மாதிரி. இருமி வெளிவரும் சளியைக் கண்டால் முகம் திருப்புவது மனித இயல்பு. அதைக் குற்றமென்று சொல்ல மாட்டோம். ஆயினும், நெஞ்சுக்குள் நடப்பதை வெளியே வந்து சொல்லும் தூதன் அதுவே. அந்தத் தூதனை வாசலிலேயே விரட்டிவிடும் வழக்கத்தால் நம் தெருக்களில் எத்தனை குடும்பங்கள் அல்லலுறுகின்றன என்பதை எண்ணியே இம்மாதம் இந்த விஷயத்தை எழுதத் துணிந்தோம்.

இருமல் நம் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது என்பது பலருடைய எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. குழித்தறி கிடக்கும் அறைகளில் காற்றோட்டம் குறைவு. பாவு உலர்ந்து இழை அறுந்துவிடும் என்று சன்னலையும் சாத்தி வைக்கிறோம். தார் சுற்றும் இடத்திலும் பாவு போடும் இடத்திலும் பஞ்சுத் தூசி பறக்கிறது. வயலில் பாடுபடுவோருக்கும் களத்துத் தூசியும் வைக்கோல் தூசியும் தப்புவதில்லை. இவை இருமலை உண்டாக்கக்கூடியவையே. பஞ்சாலைகளிலும் அரவை ஆலைகளிலும் நெடுங்காலம் வேலை செய்பவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சை இறுக்கும் நோய் வருவதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் தூசியால் வந்த இருமல் எது, கிருமியால் வந்த இருமல் எது என்பதை ஓசையைக் கேட்டு ஒருவராலும் சொல்ல முடியாது. இருமுபவனாலும் முடியாது, பக்கத்து வீட்டுப் பெரியவராலும் முடியாது, சளியைப் பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியராலும் முடியாது. "எல்லாம் தூசிதான்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதலின் நிழலிலேயே காசநோய் பதுங்கி வளருகிறது.

நாம் அறிந்த ஒரு நெசவாளி அன்பரின் வரலாற்றை இங்கே சொல்லுகிறோம். பெயரும் ஊரும் வேண்டுவதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய உழைப்பாளி. சங்கத்துக்கு வாங்கிய பாவை ஒரு நாளும் தவணை தவறாமல் நெய்து கொடுத்தவர். அவருக்கு இருமல் கண்டு மூன்று மாதமாயிற்று. கடையில் வாங்கிய இருமல் மருந்தில் நான்கு புட்டி தீர்ந்தது. மாலையில் உடம்பு காய்ந்தது. வேட்டி இடுப்பில் நில்லாதபடி உடல் மெலிந்தது. மனைவியின் வற்புறுத்தலால் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு சிறு குப்பியைக் கையில் கொடுத்து, "சளி கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எப்படி, எவ்விடத்தில், எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்க்க உரக்க இருமிக் காறுவதற்கு அவருக்கு வெட்கமாயிருந்தது. ஒரு தூணின் மறைவுக்குச் சென்று வாயில் ஊறிய எச்சிலை அதில் உமிழ்ந்து கொடுத்துவிட்டார். கிருமி காணப்படவில்லை என்று காகிதம் வந்தது.

அந்தக் காகிதத்தை அவர் சங்கத்துப் பங்குப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மேலும் நான்கு மாதம் கழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றும் மகளும் இருமத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான், வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளரான ஒரு பெண்மணி, "ஐயா, நீங்கள் அன்று கொடுத்தது சளியாயிருக்காது, எச்சிலாயிருக்கும். நாளைக் காலையில் எழுந்தவுடன் நான் சொல்லுகிறபடி எடுத்துக் கொடுங்கள்" என்று பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். இரண்டு நாளில் உண்மை வெளியாயிற்று. தந்தைக்கும் மகளுக்கும் காசநோய். இருவரும் ஆறு மாதம் மருந்துண்டு இன்று நலமாக இருக்கிறார்கள் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பெண்ணின் படிப்பில் ஓர் ஆண்டு போயிற்று. வீட்டில் கடன் ஏறிற்று. "காகிதத்தை நம்பினேன், நான் கொடுத்தது என்ன என்று நினைத்துப் பார்க்கவில்லை" என்று அவர் நம்மிடம் சொன்னார். மரத்தடி மண்ணை அனுப்பிவிட்டு வயலின் வளத்தை அறிய முயன்றவனின் கதைதான் இது. அவர் ஒருவர் மீது பழியைச் சுமத்துவது நியாயமாகாது. குப்பியைக் கொடுத்தவர்கள் வாய்திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம் அவர் இருமியதைக் கேட்டுக்கொண்டே கூலியை எண்ணிக் கொடுத்த சங்கமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

சளிக்குள் என்ன தேடுகிறார்கள் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததை இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். அதுவரை பரம்பரை என்றும் வினைப்பயன் என்றும் கருதப்பட்ட நோய்க்குக் கண்ணால் காணத்தக்க காரணம் ஒன்று உண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. அந்தக் கிருமியின் மேல்தோல் மெழுகு போன்ற பொருளால் ஆனது. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டினால் சாயம் அந்த மெழுகுத் தோலுக்குள் ஏறிக்கொள்ளும். பின்னர் அமிலத்தால் கழுவினால் மற்றவையெல்லாம் நிறமிழக்கும்; காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. அதன் மேல் நீலச் சாயத்தைப் பூசிவிட்டுப் பூதக்கண்ணாடிக் கருவியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், நீல வயலில் சிவந்த குச்சிகள் போல் கிருமிகள் தெரியும். சாயம் கழலாத நூலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இந்த முறையை விளங்கிக்கொள்வது கடினமன்று.

ஆனால் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் பூதக்கண்ணாடியில் ஒன்றிரண்டேனும் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால், நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரும். உண்மையான சளிக்கே இந்த நிலை என்றால், வாயில் ஊறிய எச்சிலில் என்ன தெரியும்? இக்குறையைப் போக்கப் பிற்காலத்தில் வேறு முறைகள் வந்தன. சளியிலுள்ள கிருமியை ஊட்டப்பொருளில் இட்டு வளர்த்துப் பார்ப்பது ஒன்று. அது மிக நுட்பமானது. ஆனால் காசநோய்க் கிருமி மெல்ல வளருவதாகையால் முடிவு தெரியப் பல வாரம் காத்திருக்க வேண்டும். கிருமியின் மரபுப் பொருளையே பெருக்கிக் கண்டறியும் கருவி மற்றொன்று. இத்தகைய கருவியை 2010ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் கோவாவில் செய்யப்படும் ட்ரூநாட் என்னும் கருவியும் 2020ஆம் ஆண்டில் அவ்வாறே ஏற்கப்பட்டது. பூதக்கண்ணாடிக்குத் தப்பிய கிருமியையும் இவை சில மணி நேரத்தில் காட்டிவிடும். முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசினுக்கு அக்கிருமி கட்டுப்படுமா என்பதையும் உடன் சொல்லிவிடும். கருவி எத்துணை நுட்பமானதாயினும், குப்பியில் இல்லாததை அது காட்ட மாட்டாது. மாதிரி கொடுப்பவன் செய்ய வேண்டியதை எந்தக் கருவியும் அவனுக்காகச் செய்துவிடாது.

ஆகவே சளியைக் கொடுக்கும் முறையை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருக்க வேண்டும். முதலில் வாயை வெறும் நீரால் நன்றாகக் கொப்பளித்துவிட வேண்டும். உணவுத் துணுக்கும் வெற்றிலை பாக்கும் அதில் கலத்தல் ஆகாது. பிறகு வீட்டிற்கு வெளியே, காற்றும் வெயிலும் உள்ள திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். மூச்சை ஆழ இழுத்துச் சற்று நிறுத்தி விட வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின் அடிநெஞ்சிலிருந்து பலமாக இருமி, வரும் சளியை நேரே குப்பியில் உமிழ வேண்டும். தண்ணீர் போல் தெளிந்து நுரைத்திருப்பது எச்சில். கெட்டியாகவும் குழகுழப்பாகவும், சில வேளை மஞ்சள் நிறமாகவும் வருவதே சளி. இரண்டு முதல் ஐந்து மில்லி லிட்டர், அதாவது அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி அளவு, இருந்தால் போதும். ஒரு முறை இருமலில் அவ்வளவு வராவிட்டால் மீண்டும் முயல வேண்டும். மூடியைத் திருகி இறுக மூடி, குப்பியின் வெளிப்புறத்தில் ஒட்டாதபடி பார்த்து, வெயில் படாமல் அன்றைக்கே சேர்ப்பித்துவிட வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு மாதிரி கேட்பதும் காரணத்தோடுதான். ஒன்று மருத்துவமனைக்குச் சென்ற அன்றே கொடுப்பது. மற்றொன்று காலையில் எழுந்தவுடன், வயிற்றுக்கு ஒன்றும் உட்கொள்ளுமுன் எடுப்பது. இரவு முழுவதும் படுத்திருக்கையில் நெஞ்சில் சேர்ந்த சளி காலையில் கெட்டியாக வருமாதலால், அதில் கிருமி அகப்படும் வாய்ப்பு மிகுதி. "ஒன்றுதான் கொடுத்துவிட்டேனே, இன்னும் ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு போவானேன்?" என்று எண்ணுவது சிக்கனமாகாது. ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தி ஆறு மாதக் கூலியைப் பறிகொடுத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

சளிச் சோதனை காசநோய்க்கு மட்டும் உரியதன்று. திடீரெனக் கடுங்காய்ச்சலும் நெஞ்சுவலியும் கண்டு, நுரையீரலில் அழற்சி உண்டாகும் நிமோனியாவிலும், எக்கிருமியால் வந்தது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறியச் சளி உதவும். அவ்வகைச் சோதனையில் ஆய்வுக்கூடத்தார் முதலில் பார்ப்பது, வந்த மாதிரி நெஞ்சுச் சளியா, வாய் எச்சிலா என்பதையே. கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிரும் செல்கள் அதில் நிரம்பியிருந்தால், மாதிரி உதவாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சளியின் நிறத்தை மட்டும் பார்த்து நோயைத் தீர்மானிக்க இயலாது. மஞ்சளோ பச்சையோ கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடிக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவது பெருந்தவறு. மாத்திரையைத் தின்றபின் எடுக்கும் சளியில் கிருமி வளராமல் போகலாம். சில மாத்திரைகள் காசநோயைச் சில நாள் அடக்கி, குணமாகிவிட்டது போன்ற மயக்கத்தைத் தந்து, உண்மை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தும். மாதிரி கொடுத்த பின்பே மருந்து என்பதை முடிந்தவரை விதியாகக் கொள்ளுதல் நன்று. மூச்சுத் திணறலும் மயக்கமும் கண்டவரை மட்டும், எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

இனி, சளியைக் கொடுக்க மறுப்பவர்களின் உள்ளத்திலுள்ள அச்சத்தைப் பார்ப்போம். நோய் என்று தெரிந்துவிட்டால் தறி போய்விடும், வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும், ஊரார் ஒதுக்குவார்கள், பெண்ணுக்கு வரன் வராது என்பனவே அந்த அச்சங்கள். ஒரு காலத்தில் இவற்றுள் முதல் இரண்டும் உண்மையாகவே இருந்தன. அந்த நிலையை மாற்றிய ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது என்பதை நம்மவர்களில் பலர் அறியார். 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் தந்தும், மற்றவரை நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருக்கச் செய்தும், இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். மாதாமாதம் சளியைச் சோதித்தே குணமானதைக் கணக்கிட்டார்கள். 1959ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு அதிகப்படியாக நோய் பரவவும் இல்லை. அந்த ஏழை நோயாளிகள் கொடுத்த சளிதான், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் வழியை உலகத்துக்குத் திறந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

மற்றோர் உண்மை அண்டை மாநிலத்திலிருந்து கிடைத்தது. பெங்களூரில் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நோயுற்ற கிராமத்தார் அறியாமையால் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள் என்பதே அதுவரை பலருடைய அபிப்பிராயம். ஆனால் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் உபாதையை உணர்ந்து, வைத்தியம் தேடி ஏற்கெனவே ஓரிடம் சென்றவர்களே என்பது தெரிய வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சளி சோதிக்கப்படாமல், இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஏழை மனிதன் தன் பங்கைச் செய்துவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர் குப்பியை எடுத்துக் கொடுக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த இந்நாளிலும் உலகத்துக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவராயிருப்பதை நினைத்தால், அந்தப் பாடத்தை நாம் முழுதும் படித்து முடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

"நூல் வாங்கவும் கடன் கொடுக்கவும் ஏற்பட்டது சங்கம், இருமலைக் கேட்பது சங்கத்தின் வேலையா?" என்று சில அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சங்கம் மருத்துவமனையாக முடியாது, ஆக வேண்டுவதுமில்லை. சோதனையும் மருந்தும் அரசாங்கத்தால் இலவசமாக அளிக்கப்படுகின்றன. மருந்துண்ணும் காலத்தில் சத்துணவுக்காக 2018ஆம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. அத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் இருந்தும் இருமுகிறவன் அவ்விடம் போய்ச் சேராமைக்குக் காரணம் இரண்டு: ஒரு நாள் கூலி, ஊரார் கண். இவ்விரண்டையும் அரசாங்கத்தைவிட நம் சங்கமே எளிதில் தீர்க்க முடியும். ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒவ்வொருவருக்காகவும் என்பது நம் இயக்கத்தின் கொள்கையன்றோ? காற்றில் பரவும் நோயைப் போல் இந்தக் கொள்கையின் உண்மையை மெய்ப்பிப்பது வேறொன்றில்லை. ஒரு வீட்டு இருமல் அவ்வீட்டோடு நிற்பதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுக்களின் ஆலோசனைக்குச் சில கருத்துக்களை வைக்கிறோம். முதலாவதாக, இரண்டு வாரத்திற்கு மேல் இருமலோ காய்ச்சலோ உள்ள அங்கத்தினரும், எடை குறைந்தவரும், சளியில் இரத்தம் கண்டவரும் சளி கொடுக்கச் செல்லும் இரண்டு நாட்களுக்கு, துணை விதிகள் இடந்தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து கூலியை ஈடு செய்யலாம். இரண்டாவதாக, நூல் பங்கிடும் நாளிலோ விளைபொருள் எடைபோடும் நாளிலோ வட்டாரச் சுகாதாரப் பணியாளரைச் சங்கத்துக்கு அழைத்து, குப்பி கொடுக்கவும், மாதிரி எடுக்கும் முறையைச் செய்து காட்டவும் ஏற்பாடு செய்யலாம். எல்லோருக்கும் சொல்லும்போது எவருக்கும் வெட்கமில்லை. மூன்றாவதாக, மருந்துண்ணும் அங்கத்தினருக்கு நூல் கொடுப்பதை நிறுத்துவதில்லை என்றும், வேலை செய்ய இயலாத காலத்தில் கடன் தவணையைத் தள்ளி வைப்பது என்றும் தீர்மானம் நிறைவேற்றலாம். நான்காவதாக, யாருக்கு என்ன முடிவு வந்தது என்பதைச் சங்கம் கேட்கவும் கூடாது. தெரிந்தால் வெளியிடவும் கூடாது. கூலியை ஈடு செய்யச் சென்று வந்த சீட்டு ஒன்றே போதும். இந்த நான்காவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பயன்படா.

நூலை நிறுத்துவதில்லை என்று சொல்லும்போது சிலர் தயங்குவார்கள். நோயாளி தொட்ட நூலாலும் நெய்த துணியாலும் காசநோய் பரவுவதில்லை. உண்ட தட்டாலும் பரவுவதில்லை. மூடிய அறையில் அவர் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளைப் பிறர் சுவாசிப்பதாலேயே பரவுகிறது. முறையாக மருந்துண்ணத் தொடங்கியபின் பரப்பும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடும். ஆகவே நாம் அஞ்ச வேண்டியவர், சோதித்து மருந்துண்பவர் அல்லர். சோதிக்காமல் பக்கத்துத் தறியில் இருமிக்கொண்டிருப்பவரே. நோய் கண்ட வீட்டில் உள்ள மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். தறி அறையின் சன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வதும், தெருவிலும் சங்க வாயிலிலும் துப்பாதிருப்பதும் எல்லோரும் எப்போதும் செய்ய வேண்டியவை.

ஒரு வார்த்தை எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்தும் இருமலும் மெலிவும் நீங்கவில்லையென்றால், காகிதத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடலாகாது. மீண்டும் சென்று மாதிரி கொடுக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகள் சளியைத் துப்ப அறியாமல் விழுங்கிவிடுவதால் அவர்களுக்கு வேறு வகையில் சோதிப்பார்கள். நுரையீரல் தவிர்ந்த உறுப்புகளில் காசநோய் கண்டாலும் சளி அதைக் காட்டாது. அதேபோல், நோய் தெரிந்து மருந்துண்பவர் இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்தலாகாது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இடையில் கேட்கும்போதெல்லாம் சளி கொடுத்து, கிருமி நீங்கியதைச் சோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும். பாவில் பாதி நெய்து அறுத்தெடுத்த துணியை எந்தச் சங்கமும் ஏற்பதில்லை.

நம் அங்கத்தினர்கள் பேரேட்டில் கைநாட்டு வைக்கக் கூசிய காலம் ஒன்று இருந்தது. பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்க அஞ்சிய காலமும் இருந்தது. அந்தக் கூச்சத்தைச் சங்கமே போக்கிற்று. சளிக் குப்பியைக் கையில் வாங்கும் கூச்சத்தையும் சங்கமே போக்க முடியும். அடுத்த நூல் பங்கீட்டு நாளில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் இருமினால், ஒதுங்கி நிற்காமல், "எத்தனை நாளாய் இருக்கிறது அண்ணே? சளி கொடுத்தீர்களா?" என்று கேட்போமாக.